தேர்வறையில் பிறருக்காக எழுதுபவர்கள்: பெயரைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2024

ஊருக்கு நல்லது செய்துவிட்டு வெளியே சொல்லிக்கொள்ளாமல் இருப்பவர்களைப் பற்றி நாம் எழுதலாமா? எழுதினால் அவர்கள் விரும்பாத ஒன்றைச் செய்தவர்கள் ஆகிறோம். எழுதாவிட்டால் அப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது. உங்களுக்கு நேரில் தெரிந்த ஒன்றை வைத்துப் பதில் சொல்லுங்கள். கேள்விப்பட்டவை வேண்டாம்.

4 ஆகஸ்ட் 2024, காலை

எனக்கு நேரில் தெரிந்தது ஒன்றே ஒன்று: பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வு எழுதுவது. அரசுத் தேர்வுத் துறையின் அறிவிப்புகளில் 'சொல்வதை எழுதுபவர்' என்றிருக்கும்; மாணவர்கள் 'ஸ்கிரைப்' என்றுதான் சொல்வார்கள். வினாவை நாம் வாசிக்க வேண்டும், மாணவர் விடையைச் சொல்வார், சொன்னதைச் சொன்னபடி விடைத்தாளில் எழுத வேண்டும். திருச்சியில் 2009ஆம் ஆண்டிலிருந்து இதைச் செய்து வருகிறேன். என்னைவிட அதிகமாகவும் ஒழுங்காகவும் செய்கிறவர்கள் இந்த ஊரிலேயே பலர் இருக்கிறார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே வாரத்தில் இரண்டு நாட்களை இதற்கு ஒதுக்கும் இளைஞர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒருவரையொருவர் தேர்வு மைய வாசலில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அதற்குமேல் பழக்கமில்லை.

என் முதல் தேர்வு பி.ஏ. வரலாறு இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு. வினாத்தாளை முழுவதும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். எந்த வினாவை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று விரலை மடக்கி மடக்கிக் கணக்கிட்டார். பிறகு விடையைத் தொடங்கினார். நடுவே பிளாசிப் போர் நடந்த ஆண்டு 1764 என்றார். 1764 பக்சார்ப் போர் நடந்த ஆண்டு, பிளாசி 1757. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதையே எழுதினேன். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் போகும் வரை அந்த ஏழாண்டு வித்தியாசம் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

உங்கள் கேள்விக்கு இதிலிருந்துதான் பதில் சொல்ல முடிகிறது. வேறு பணிகளில், செய்தவர் தம் பெயரை மறைத்துக்கொள்வது அவருடைய குணம். இந்தப் பணியில் தன்னை மறைத்துக்கொள்வதுதான் பணியே. எழுதுபவருடைய படிப்பு, கருத்து, நடை எதுவும் தாளில் தெரியக்கூடாது. கையெழுத்து ஒன்றைத் தவிர. அதுவும் இன்னொருவருடைய பதிவு எண்ணுக்குக் கீழேதான் இருக்கும். எழுதியவர் பெயர் எங்கும் இருக்காது. அப்படிப்பட்டவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது அவர்கள் செய்யும் வேலைக்கே எதிரானது என்று எனக்குப் படுகிறது.

4 ஆகஸ்ட் 2024, இரவு

காலையில் எழுதியதில் ஒரு பிழை. பெயர் எங்கும் இருக்காது என்றேன். இருக்கிறது. மாணவர் தமக்கான ஆளைத் தாமே அழைத்து வரும்போது ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். அதில் எழுதுபவரின் பெயரும் கல்வித் தகுதியும் இருக்கும். பல இடங்களில் ஒளிப்படமும் ஒட்டச் சொல்வார்கள். நான் அதை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன், ஆனாலும் அது என் பெயர் பதிவாகும் இடம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. முறைகேடு நடந்தால் ஆளைத் தேடுவதற்கான பதிவு அது. முறைகேடு இல்லாதவரை அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

7 ஆகஸ்ட் 2024

எழுதுபவர் செய்வது இயந்திர வேலைதானே, சொன்னதை எழுதுவதில் என்ன கடினம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழில் எழுதிப் பார்த்தால் தெரியும்.

மாணவர் 'மளை' என்று உச்சரிக்கிறார். நான் 'மழை' என்று எழுதுகிறேன். அந்த ழகரம் யாருடையது? பேச்சில் ழகரம் வராத ஊர்க்காரர்களில் பார்வையுள்ளவர்கள் தாளில் சரியாக எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய நாக்கை வைத்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. எனவே பேச்சை நான் திருத்தி எழுதுவதில் தவறில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் ரகர றகரமும் னகர ணகரமும் வரும்போது சிக்கல் கூடுகிறது. 'அரம்' என்று காதில் விழுவது தச்சரின் கருவியா அறத்துப்பாலின் அறமா என்பது சொல்லப்படும் இடத்திலிருந்து புரியும். 'பணி', 'பனி' அப்படிப் புரியாமல் போகலாம். அதிலும் வல்லினம் மிகும் இடங்கள்! தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகையில் எந்த இடத்தில் ஒற்றுப் போடுவது என்பதை நானே முடிவு செய்தால், இலக்கணத்துக்கான மதிப்பெண்ணை நான் வாங்கிக் கொடுத்தவள் ஆகிறேன்.

இதில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் புத்தூரில் உள்ள அரசுப் பார்வையற்ற பெண்கள் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவி. சிறு வயதிலிருந்தே பிரெயிலில் வாசித்தவர். ஆறு புள்ளிகளுக்குள் எல்லா எழுத்தும் அடங்கிவிடும் அந்த முறையில் ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று தனித்தனிப் புள்ளி அமைப்புகள் உண்டு. ஆகவே அவருக்கு எழுத்து என்பது காதில் கேட்பது மட்டும் அன்று, விரலில் பட்டதும்கூட. 'தமிழ்த்துறை, நடுவில் த் போடுங்கள் அக்கா' என்று தாமே சொல்வார். பத்தி எங்கே பிரிய வேண்டும், எந்த வரிக்கு அடிக்கோடு வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்துவிடும். அவருக்கு எழுதிய நாட்களில்தான் நான் நிம்மதியாக எழுதினேன்.

ஒலிப்பதிவை மட்டும் கேட்டு வளர்ந்த மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. பாடம் அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும், எழுத்து தெரியாது. பள்ளியில் பிரெயில் கற்றுக்கொடுப்பதைக் குறைத்துவிட்டு 'அதுதான் கைப்பேசியே வாசிக்கிறதே' என்று சொல்கிறவர்கள், அந்த மாணவர்கள் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

நான்கு மணி நேரம் என்றது சரியான கணக்குதான். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது விதி. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகிவிடும். பத்து மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி. கடைசி ஒரு மணி நேரம் அறையில் நாங்கள் இருவரும் கண்காணிப்பாளரும் மட்டுமே இருப்போம். பசியோடு அவர் கடிகாரத்தைப் பார்ப்பது மாணவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

8 ஆகஸ்ட் 2024

வாசித்துக் கொடுப்பவர்களைச் சொல்லாமல் எழுதுபவர்களை மட்டும் சொன்னது நியாயமில்லை. தேர்வு என்பது கடைசி நான்கு மணி நேரம். அதற்கு முந்தைய ஆறு மாதமும் யாரோ ஒருவர் புத்தகத்தை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

உறையூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். 1990களில் பல்கலைக்கழகப் பாடநூல்களை ஒலிநாடாக்களில் வாசித்துப் பதிவு செய்து மாணவர்களுக்குக் கொடுப்பார். அவற்றில் சில நான் இந்த வேலைக்கு வந்த பிறகும் கைமாறிக்கொண்டிருந்தன. அவர் ஒரு நாடாவிலும் தம் பெயரைச் சொன்னதில்லை. தொடங்கும்போது நூலின் பெயர், இயல், நாடா எண். முடியும்போது 'இப்பக்கம் முடிந்தது, நாடாவைத் திருப்பிப் போடவும்'. மாணவர்கள் அவரை 'நாடா ஐயா' என்றே அழைத்தார்கள். விடுதியில் யாராவது நீளமாகப் பேசிக்கொண்டே போனால் 'நாடாவைத் திருப்பிப் போடவும்' என்று இன்னொருவர் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்களாம். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும், காகம் கரையும், எங்கோ ஒரு முறை பேரக்குழந்தை அழும். வாசிப்பு மட்டும் நிற்காது. அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் வாசித்தார். நிறுத்தற்குறி இருக்கும் இடத்தில் மூச்சை நிறுத்தினார். அரைப்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் உள்ள வேறுபாடு அவருடைய மூச்சின் நீளத்தில் இருந்தது என்று ஒரு மாணவர் சொன்னார்.

அனுமதி பெறாமல் ஒரு நூலை ஒலிப்பதிவு செய்து பிறருக்குக் கொடுக்க அன்றைய பதிப்புரிமைச் சட்டத்தில் தெளிவான இடம் இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்க விதிவிலக்கு வந்தது. அடுத்த ஆண்டு மராக்கேஷ் நகரில் இதற்கென ஓர் உலக ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. 2014இல் அதற்கு முதன்முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஐயா நூற்றுக்கணக்கான மணி நேரம் வாசித்து முடித்துவிட்டார்.

இதை எழுதும்போது என் முதல் குறிப்பின் முடிவு எனக்கே உறுதியாக இல்லை. அவர் பெயரை அன்றே யாராவது எழுதியிருந்தால், அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது, சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு இன்னும் நான்கு பேர் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்திருக்கக்கூடும்.

15 ஆகஸ்ட் 2024

பெரிய திருத்தம் ஒன்று. இதை முதலிலேயே சொல்ல முடியாமல் போனதற்கு என் நினைவுதான் காரணம்.

பிளாசிப் போரைச் சொன்ன அந்த மாணவர் இன்று பக்கத்து மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர். என் குறிப்புகளைத் திரைவாசிப்பு மென்பொருள் வழியே கேட்டுவிட்டு நேற்று இரவு அழைத்தார். 'அக்கா, நீங்கள் எழுதியிருப்பது போல நடக்கவில்லை' என்றார். அவர் 1764 என்று சொன்னதும் என் பேனா நின்றுவிட்டதாம். தாளில் பேனா உரசும் ஓசை நின்றது அவருக்குக் கேட்டிருக்கிறது. 'நின்றுவிட்டீர்களே' என்று கேட்டாராம். நான் ஒன்றும் சொல்லவில்லையாம். சற்று யோசித்து, '1757 என்று எழுதுங்கள்' என்று சொன்னாராம். ஆக விடைத்தாளில் இருந்தது சரியான ஆண்டு.

அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அது நினைவுக்கு வந்தது. சொன்னதையே எழுதினேன் என்பது சொல்லளவில் உண்மை. ஆனால் என் பேனா வாய்திறந்து விடை சொல்லிவிட்டது. பதினைந்து ஆண்டுகளில் நான் அந்தக் காட்சியை என் நேர்மைக்குச் சான்றாக மாற்றி வைத்துக்கொண்டுவிட்டேன். அவர் அதைத் தவறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பார்வையுள்ள மாணவர் எழுதி முடித்துத் தம் தாளைத் திரும்பப் படிக்கும்போது இத்தகைய பிழைகளைத் தாமே திருத்திக்கொள்கிறார் அல்லவா, எனக்குத் திரும்பப் படிக்கும் வாய்ப்பு அந்த ஒரு நொடி மௌனமாக வந்தது என்றார். அது அவருடைய பெருந்தன்மை. அதன் பிறகு நான் பேனாவை நிறுத்தாமல் எழுதப் பழகிக்கொண்டேன் என்பது மட்டும் உண்மை. யோசிக்க வேண்டியிருந்தால் முந்தைய வரியில் ஒரு காற்புள்ளியைத் தடித்துக்கொண்டிருப்பேன், ஓசை தொடரும். ஒவ்வொரு விடை முடிந்ததும் முழுவதையும் ஒரே குரலில் வாசித்துக் காட்டும் வழக்கத்தையும் தொடங்கினேன். எல்லாருக்கும் உரிய திருத்தும் வாய்ப்பு அவர்களுக்கும் நேர்வழியில் கிடைக்க வேண்டும்.

19 ஆகஸ்ட் 2024

தகுதி பற்றிய கேள்விகள் வந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாமா? முடியாது. 2013 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், எழுதுபவருக்குக் கல்வித் தகுதி, வயது போன்ற கட்டுப்பாடுகளை விதிக்க வேண்டாம் என்று இருந்தது. 2018 ஆகஸ்டில் வந்த நெறிமுறை அதை மாற்றியது. மாணவர் தாமே ஆளை அழைத்து வருவதானால், அந்த ஆளின் படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. அதன்படி பட்டம் பெற்ற நான் பட்டப்படிப்புத் தேர்வுக்கு எழுத முடியாது. முதுகலைத் தேர்வுக்கு எழுதலாம். விதியை இறுக்கமாகப் பார்க்காத மையங்களும் உண்டு. ஆனால் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டால் இழப்பு மாணவருக்கு என்பதால், அந்த நம்பிக்கையில் நான் போவதில்லை.

இந்த விதியின் காரணம் எனக்குப் புரிகிறது. என் பேனா நின்ற கதையே அதற்குச் சாட்சி. விளைவு வேறாக இருக்கிறது. பல ஆண்டுகள் எழுதிக் கை பழகியவர்கள் பலர் ஒரே நாளில் விலக்கப்பட்டார்கள். மேல்நிலைப் படிப்பு முடித்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த வயதில் இருப்பவர்களுக்கு அதே நாட்களில் அவர்களுடைய தேர்வே இருக்கும்.

எழுத இயலாமை பார்வையின்மையால் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேனாவைப் பிடித்தால் விரல்கள் இறுகிக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வுக்கு உதவியாளர் கேட்டு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். உடற்குறைபாடு 40 விழுக்காடு என்று சான்று இருந்தால்தான் இந்த உதவி என்று சொல்ல முடியாது என 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பால் பயன்பெறப் போகிறவர்களுக்கும் பக்கத்து நாற்காலியில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

20 ஆகஸ்ட் 2024

விருது கொடுத்தால் ஆள் சேருமா என்று கேட்டவருக்கு: பெங்களூரைச் சேர்ந்த புஷ்பா என்பவர் பல நூறு தேர்வுகள் எழுதிக் கொடுத்ததற்காக 2019 மகளிர் நாளன்று குடியரசுத் தலைவரிடம் விருது பெற்றார். செய்தி வந்த அந்த வாரம் என் அலுவலகத்தில் மூன்று பேர் என்னிடம் வந்து தாங்களும் எழுத வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் இன்றுவரை எழுதுகிறார். மூன்றில் ஒன்று, எனக்கு அது போதும். அந்த ஒருவரை நான் பத்து ஆண்டுகளாகப் பக்கத்து மேசையில் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருமுறைகூட அழைத்ததில்லை. சொல்லிக்கொள்வது அழகில்லை என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து ஆண்டில் அவர் எத்தனை தாள் எழுதியிருக்கலாம் என்று நினைத்தால் என் மௌனம் எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை.

பணம் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். நான் வாங்குவதில்லை, எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் வாங்கிக்கொண்டால் அவருடைய நன்மை ஒரு மாற்றுக் குறைந்துவிடாது. அந்தப் பணத்தை மாணவர் தம் கையிலிருந்து கொடுக்கும் நிலை இருக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து.

2 செப்டம்பர் 2024

இதைச் சொல்லாமல் மேலே எழுத மனம் வரவில்லை.

2014 ஏப்ரல். பொருளாதாரம் படித்த ஒரு மாணவருக்கு மறுநாள் காலைத் தேர்வு எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். இரவில் என் மகளுக்குக் கடுமையான காய்ச்சல். அப்போது அவளுக்கு எட்டு வயது. விடியும் வரை நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்குமேல் அந்த மாணவருக்கு, வர இயலவில்லை, வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன்.

குறுஞ்செய்தி. அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த சாதாரண கைப்பேசி. எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி அதில் இல்லை. எனக்கு அது தெரியும். அழைத்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவருடைய குரல் மாறுவதைக் கேட்கத் துணிவில்லை. அதனால் எழுதி அனுப்பினேன். ஒன்பதரை மணிக்குத் தேர்வு மைய வாசலில், நான் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கச் சொல்லி, தேநீர்க்கடைக்காரர் கையில் கைப்பேசியைக் கொடுத்திருக்கிறார். அவர்தான் அதை வாசித்துச் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரத்தில் யாரைத் தேடுவது? அந்தத் தாள் அரியர் ஆனது. அடுத்த பருவம்தான் எழுத முடிந்தது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை பார்த்தபோது முதலில் மகள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டார். பணம் கொடுத்து அமர்த்திய ஆளாக இருந்திருந்தால் உரிமையோடு கோபித்திருப்பார். தானாக முன்வந்து உதவுகிறவரைக் கோபிக்க முடியாது; கோபித்தால் அடுத்த தேர்வுக்கு ஆள் இருக்காது. கூலியில்லாமல் பெயரில்லாமல் செய்யும் நன்மையைப் பற்றி நாம் பேசும்போது, நன்றி கிடைக்கவில்லையே என்று மட்டுமே பேசுகிறோம். அதைப் பெறுகிறவர் வாய்திறந்து ஒரு குறை சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்பதைப் பேசுவதில்லை. காய்ச்சல் யாருக்கும் வரும். எனக்குப் பதிலாகப் போக ஓர் ஆளை முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் தவறு. அன்றிலிருந்து எந்தத் தேர்வை ஒப்புக்கொண்டாலும், நான் வர முடியாவிட்டால் வருகிறவர் யார் என்பதையும் சேர்த்தே மாணவரிடம் சொல்லிவிடுகிறேன்.

9 செப்டம்பர் 2024

வரலாற்று ஆசிரியர் மறுபடி அழைத்தார். இம்முறை அவர் குரலில் சற்றுக் கண்டிப்பு இருந்தது. 'எழுதுகிறவர்களைப் பற்றியும் வாசிக்கிறவர்களைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். உங்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தது யார்? நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோமா?' என்றார்.

நியாயமான கேள்வி. 2009இல் என்னை முதன்முதலில் அழைத்தவர் அந்த இரண்டாமாண்டு மாணவர் இல்லை. மூன்றாமாண்டில் படித்த, அவரும் பார்வையற்றவரான, ஒரு மூத்த மாணவர். விடுதியில் யாருக்கு எந்தத் தேதியில் எந்தத் தாள் என்பது முழுவதும் அவர் மனத்தில் இருந்தது. ஐம்பது அறுபது தொலைபேசி எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார். யாருக்கு ஆங்கிலம் வரும், யாருக்குத் தமிழ் எழுத்துப் பிழையில்லாமல் வரும், யார் காலையில் மட்டும் வருவார்கள், யார் பத்து நிமிடம் தாமதிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தம்முடைய தேர்வுக்கு நடுவிலும் இளையவர்களுக்காக ஒவ்வொரு எண்ணாக அழைத்து, பத்து மறுப்புகளுக்குப் பிறகு ஓர் ஒப்புதல் வாங்குவார். படிப்பை முடித்துப் போகும்போது அந்தப் பட்டியலை அடுத்த ஆண்டு மாணவர் ஒருவருக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். அவரிடமிருந்து இந்த ஆசிரியருக்கு வந்தது, இவரிடமிருந்து அடுத்தவருக்கு. இன்று அது கைப்பேசியில் இருக்கிறது. என் எண் அதில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். 'ஸ்கிரைப் சீரங்கம் அக்கா, காலை மட்டும், முதுகலை' என்றார்.

உங்கள் கேள்வியைப் படித்தபோது, நல்லது செய்பவர்கள் என்றவுடன் நாற்காலியில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவரைத்தான் நான் நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவரை உதவி பெறுகிறவர் என்று மட்டுமே கண்டேன். பதினைந்து ஆண்டுகளாக ஒரு பட்டியலைக் கைமாற்றிக் கைமாற்றி, நூற்றுக்கணக்கான தேர்வுகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அதற்கு உறுதிமொழிப் படிவம்கூடக் கிடையாது.

12 செப்டம்பர் 2024

கணினியில் தேர்வு எழுதினால் இந்தச் சிக்கலெல்லாம் தீருமே என்பவர்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. 2018 நெறிமுறையே பிரெயில், கணினி, பெரிய எழுத்து, விடையை ஒலிப்பதிவு செய்வது என்று பல வழிகளை மாணவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. விலையில்லாத திரைவாசிப்பு மென்பொருளான என்விடிஏ 2006இலிருந்து இருக்கிறது, தமிழையும் வாசிக்கும். தாமே தட்டச்சு செய்யும் மாணவருக்கு ழகரம் யாருடையது என்ற கேள்வியே எழாது. இல்லாதது தேர்வு மையத்தில் ஒரு கணினியும், அதைப் பூட்டித் திறக்கத் தெரிந்த ஒருவரும்தான். நான் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். அது வரும்வரை நாளைய தேர்வுக்கு ஆள் வேண்டும்.

11 நவம்பர் 2024

இரண்டு மாதம் எழுதவில்லை. பருவத் தேர்வுகள் தொடங்கிவிட்டன. திருச்சியில் காலையிலிருந்து தூறல்.

கேள்வி கேட்டவர், முடிவாக என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொல்வது பயன்படும். உங்கள் ஊரில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் கல்லூரிக்குப் போய், அந்தப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, உங்கள் எண்ணையும் என்ன படித்திருக்கிறீர்கள் என்பதையும் எந்த நேரம் வர முடியும் என்பதையும் அவரிடம் கொடுங்கள். வர முடியாத நாளில் அழைத்துப் பேசுங்கள், எழுதி அனுப்பாதீர்கள். கொஞ்சம் மை தாராளமாக இறங்கும் பேனா இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய முனையுள்ள பேனா நான்கு மணி நேரத்தில் விரலை ஒடித்துவிடும்.

எட்டு வயதில் காய்ச்சலோடு படுத்திருந்த என் மகள் இப்போது கல்லூரி முதலாண்டு. மேல்நிலைச் சான்றிதழ் இருக்கிறது. பட்டம் இன்னும் பெறவில்லை. பட்டப்படிப்புத் தேர்வுக்கு என்னை விலக்கும் அதே விதி அவளை அனுமதிக்கிறது. அவளுடைய தேர்வு அட்டவணையில் நாளை மறுநாள் இடைவெளி நாள். அன்று காலை பத்து மணிக்கு பி.ஏ. தமிழ் மூன்றாமாண்டு மாணவி ஒருவருக்கு எழுதப் போகிறாள். நேற்று இரவு மாணவி தாமே அழைத்து, ஒற்று எங்கே வரும் என்பதைத் தாமே சொல்லிவிடுவதாகவும், சொல்லாத இடத்தில் போட வேண்டாம் என்றும் அவளிடம் பேசிவிட்டார். அவள் வர முடியாமல் போனால் போகிறவர் மருந்துக்கடைப் பெண்ணின் தம்பி, அவரிடமும் சொல்லியாயிற்று. பேனாவை நிறுத்தாமல் எழுதுவது எப்படி என்று இன்று மாலை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.